தட்டிலிருந்து அண்டாவுக்கு: சிப்பி ஸ்டவுட் பிறந்த கதை

சிப்பி ஸ்டவுட் என்றொரு பீர் உண்டு. கறுத்த நிறம், தவிட்டு நிற நுரை, காய்ச்சும்போது அண்டாவில் போட்ட நிஜமான கடல் சிப்பி. முதல் தடவை இதைக் கேள்விப்படுகிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். இந்த யோசனை யாருக்கு வந்தது? குடித்தால் சிப்பி ருசி தெரியுமா? முதலாவதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. இரண்டாவதற்கு விடை சொல்லத்தான் போட்டிகளில் அமரும் பீர் நடுவர்கள் திண்டாடுகிறார்கள். சிப்பியும் ஸ்டவுட்டும் நூறாண்டுகளுக்கு மேல் ஒரே மேசையில் தனித்தனியாக இருந்தவை. அந்தப் பழக்கம் தேய்ந்த பிறகுதான் சிப்பி அண்டாவுக்குள் போனது. இது தெரியாமல் அந்தப் பீருக்கு மதிப்பெண் போடுவது கஷ்டம்.

கூலியாட்களின் பீர்

ஸ்டவுட்டின் தாய் போர்ட்டர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் உருவான பழுப்பு நிறப் பீர் அது. தெருக்களிலும் படகுத்துறைகளிலும் மூட்டை சுமந்த கூலியாட்கள் விரும்பிக் குடித்ததால் அவர்களுடைய தொழிற்பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. அதிலேயே வீரியம் கூடிய வகையை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். பிறகு அது வெறும் ஸ்டவுட் ஆகிவிட்டது. டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759-ல் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். 1799-ல் அந்த ஆலை ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுவதை அடியோடு விட்டுவிட்டு போர்ட்டருக்கே மாறியது.

லண்டன், டப்ளின் இரண்டு ஊர்த் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். வறுத்த தானியத்துக்குப் புளிப்புக் குணம் உண்டு. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அந்தப் புளிப்பை அடக்கியது. கறுத்த பீர் இந்த ஊர்களில் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிப்பி ஓடும் இதே சுண்ணாம்புதான்.

இந்தப் பீர் இன்றைய கறுப்பை எட்டியதற்கு ஒரு சட்டம் காரணம். 1816-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், வணிகத்துக்குப் பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் (கசப்பு தரும் பூ) தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்று கட்டளையிட்டது. நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைப் பாகு சேர்ப்பதும் குற்றமானது. அடுத்த ஆண்டே, 1817-ல், டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைச் சுழலும் உருளையில் கன்னங்கறேலென்று வறுத்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவும் மால்ட்தான் என்பதால் சட்டம் வாய் திறக்க முடியவில்லை. வெளிர் மால்ட்டோடு இந்தக் கறுப்பு மால்ட் கொஞ்சம் சேர்த்தால் போதும், பீர் முழுக்கக் கறுத்துவிடும். கறுப்பு மால்ட்டுக்கு வழி திறந்த அதே சட்டம், சிப்பி போன்ற பொருள்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது.

நான்கு சிப்பி ஒரு பென்னி

அந்த நாளில் லண்டனில் சிப்பி ஏழைகளின் தீனி. விட்ஸ்டபிள், கோல்செஸ்டர் போன்ற கழிமுகப் படுகைகளில் வாரிய சிப்பிகள் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைக்கு வந்து, அங்கிருந்து தள்ளுவண்டிகளிலும் கூடைகளிலும் தெருத்தெருவாகப் போயின. 1836-ல் தொடராக வெளிவரத் தொடங்கிய பிக்விக் நாவலில், வறுமை இருக்கும் இடத்திலெல்லாம் சிப்பியும் இருக்கிறது என்று சாம் வெல்லர் வாயிலாக டிக்கன்ஸ் கேலி செய்திருப்பார். லண்டன் உழைப்பாளர்களின் வாழ்க்கையை விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ, தெரு வியாபாரிகள் மட்டும் ஆண்டுக்கு 12 கோடியே 40 லட்சம் சிப்பிகளை விற்றதாக 1851-ல் கணக்குப் போட்டார். விலை பென்னிக்கு நான்கு.

மதுக்கடைக்குள் நுழைந்தவன் கையில் போர்ட்டர் கோப்பை, வாசலில் சிப்பிக் கூடை. இரண்டும் மலிவு. ஜோடி தானாகவே அமைந்தது. வாய்க்கும் அது பொருந்தியது. பச்சைச் சிப்பியில் உப்புக் கரிப்பும், அடியில் ஒரு மெல்லிய இனிப்பும், வழவழப்பும் இருக்கும். ஸ்டவுட்டின் வறுவல் கசப்பும் லேசான புளிப்பும் அந்த வழவழப்பை அறுத்து, அடுத்த சிப்பிக்கு நாக்கைத் தயார் செய்யும். எலுமிச்சைச் சாறு செய்யும் அதே வேலை.

கனவான்களும் இதற்கு விலக்கில்லை. 1837 நவம்பரில், விக்டோரியா ராணியின் முதல் நாடாளுமன்றத்தில் 509-க்கு 20 என்று முடிந்த ஒரு வாக்கெடுப்புக்குப் பின், புதிதாக உறுப்பினராகியிருந்த பெஞ்சமின் டிஸ்ரேலி இரவு பத்து மணிக்குப் பசியோடு வெளியே வந்தார். கார்ல்டன் கிளப்பில் நண்பர்களோடு சிப்பியும் கின்னஸும் வாட்டிய எலும்புக் கறியும் சாப்பிட்டதாகத் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பின்னாளில் பிரதமரானவரின் தட்டிலும் தெருக்கூலியின் கையிலும் ஒரே ஜோடி.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் சிப்பியை அண்டாவில் போட யாரும் முனையவில்லை. மலிவாகப் பக்கத்திலேயே கிடைக்கும் ஒன்றை எதற்குப் பீருக்குள் கரைக்க வேண்டும்? 1816-இன் தடையும் இருந்தது. வீடுகளில், புளித்துப்போன பீரைச் சரிக்கட்ட சிப்பி ஓட்டைப் பொடித்துப் போடும் கைவைத்தியம் உண்டு. அதை மருந்தாகத்தான் போட்டார்கள், ருசிக்காக அல்ல. 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதிருந்த வரியைத் தூக்கிப் பீரின் மீது வைத்தார். மால்ட்டைக் காக்கும் அவசியம் அரசுக்கு இல்லாமல் போனது. காய்ச்சுகிறவன் எதைச் சேர்த்தாலும் கேள்வியில்லை என்றானது. கதவு திறந்தபோது சிப்பிதான் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

சிப்பி போனது, பெயர் வந்தது

வளரும் வேகத்தைவிட வாரிய வேகம் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் சிப்பிப் படுகைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன, விலை ஏறியது. மிஞ்சியவற்றில் நகரச் சாக்கடை கலந்தது. 1902 நவம்பரில் வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் நகரங்களின் மேயர் விருந்துகளில் எம்ஸ்வொர்த் சிப்பி சாப்பிட்டவர்களுக்கு டைஃபாய்டு கண்டது. இறந்தவர்களில் வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைப் பாதிரியாரும் ஒருவர். அந்தச் செய்தி நாடு முழுவதும் சிப்பி வியாபாரத்தை முடக்கிப் போட்டது. கூலியின் தீனி, பணக்காரன் பயந்து பயந்து சாப்பிடும் பண்டமாயிற்று.

ஸ்டவுட்டும் அப்போது தன் பழைய இடத்தில் இல்லை. குடிப்பவர்கள் வெளிர் நிறப் பீர்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கறுத்த பீருக்கு ஆலைகள் புதிய வேடம் கட்டின. அது உடம்புக்கு வலுவூட்டும் பானமாம். பால் சர்க்கரை சேர்த்த மில்க் ஸ்டவுட்டை 1907-ல் கென்ட்டிலிருந்து மெக்கெஸன் நிறுவனம் விற்கத் தொடங்கியது. பாலூட்டும் தாய்க்கும் நோயாளிக்கும் நல்லது என்று இப்படிப்பட்ட பீர்கள் சிபாரிசு பெற்றன. 1929-ல் வந்த கின்னஸின் முதல் பெரிய விளம்பரமும் உடல்நலத்தைத்தான் முன்னிறுத்தியது. வலுவூட்டும் உணவு என்ற பெயர் சிப்பிக்கு ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் கோக்க ஓர் ஆள்தான் தேவைப்பட்டார்.

அந்த ஆள் உலகின் தென்கோடியில் இருந்தார். நியூசிலாந்தின் ஃபோவோ நீரிணையில், ப்ளஃப் துறைமுகத்தை ஒட்டிய குளிர்ந்த கடலில் விளையும் சிப்பிகளுக்கு இன்றும் தனி மவுசு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரைதான் பருவம், அப்போது நாடே காத்திருந்து வாங்கும். அந்த ஊரில் சிப்பியைச் சுண்டவைத்துச் சத்துச் சாறு தயாரித்த ஆலை ஒன்றில் மேலாளராக இருந்த எர்னஸ்ட் பார்ன்ஸ், அந்தச் சாற்றை ஸ்டவுட்டில் கலக்கலாம் என்று கண்டார். 1930-களின் கடைசியில் டனீடின் நகரின் ஆலை ஒன்று அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறிது காலத்திலேயே லண்டன் ஸ்டாக்வெல்லில் இருந்த ஹாமர்ட்டன் ஆலையும் அதே முறையில் காய்ச்ச ஆரம்பித்தது.

நூறாண்டுகள் லண்டன் மேசையில் ஸ்டவுட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிப்பி, கடைசியில் லண்டன் ஸ்டவுட்டுக்குள் வந்தபோது நியூசிலாந்துச் சாறாக வந்தது. அதை வாங்கியவர் சிப்பி ருசியைத் தேடி வாங்கவில்லை. உடம்பு தேறும் என்று வாங்கினார். ஆகவே, பிறந்த அன்று இந்தப் பீருக்கு ருசி என்ற கடமையே இல்லை. புட்டியில் சிப்பி என்று எழுதியிருந்தால் போதும்.

மறுபிறப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வலுவூட்டும் பானம் என்ற மோகம் வடிந்தது. சிப்பி ஸ்டவுட்டும் மெல்ல மறைந்தது. ஜோடியின் நினைவு மட்டும் விளம்பரத்திலும் விழாவிலும் உயிரோடு இருந்தது. அமெரிக்காவில் கின்னஸுக்காக விளம்பரக்காரர் டேவிட் ஓகில்வி தயாரித்த சிப்பி வகைகளின் கையேடு, விளம்பரத் துறையில் இன்றும் பாடமாகப் பேசப்படுகிறது. அயர்லாந்தின் கால்வே நகரில் 1954-ல் தொடங்கிய சிப்பி விழாவில் ஸ்டவுட் இல்லாத மேசை கிடையாது.

1970-களுக்குப் பின் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிறு ஆலைகள் முளைத்தன. அழிந்துபோன பீர் வகைகளைத் தேடித் தேடி எழுதிய மைக்கேல் ஜாக்சன் போன்றவர்கள் பழைய பெயர்களை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். (பாடகரோடு குழப்ப வேண்டாம், இவர் யார்க்ஷயர்க்காரர்.) 1996-ல் டப்ளின் டெம்பிள் பாரில் திறந்த போர்ட்டர்ஹவுஸ் மதுக்கடை, நிஜச் சிப்பியையே போட்டுக் காய்ச்சியது. சைவ உணவுக்காரர்களுக்கு உகந்ததல்ல என்று எச்சரிக்கையும் வைத்தது. பர்ட்டன் ஊரின் மார்ஸ்டன்ஸ் விற்ற ஆய்ஸ்டர் ஸ்டவுட்டிலோ சிப்பி கிடையாது. சிப்பியோடு குடிப்பதற்கு ஏற்றது என்பதுதான் பெயரின் பொருள். இரண்டு பீரும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருந்தன. நடுவர்களின் தலைவலி அங்கே தொடங்கியது.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கதை இன்னொரு திருப்பம் கண்டது. அங்கும் வாரி வாரியே சிப்பிப் படுகைகள் பெரும்பாலும் அழிந்திருந்தன. மேரிலாந்தின் ஃப்ளையிங் டாக் ஆலை ராப்பஹானக் ஆற்றுச் சிப்பிகளைப் போட்டு ஒரு ஸ்டவுட் காய்ச்சி, அதன் வருவாயில் ஒரு பகுதியைச் சிப்பிப் படுகைகளை மீட்கும் அமைப்புக்குக் கொடுத்தது. படுகைகள் மீண்டால் விரிகுடாத் தண்ணீரும் தெளியும்: வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். குஞ்சுச் சிப்பி ஒட்டி வளர்வதற்குப் பழைய ஓடே சிறந்த தளம். ஹாமர்ட்டன் என்ற பெயரும் 2014-ல் லண்டனில் மீண்டது. பழைய பழக்கப்படி சிப்பி ஸ்டவுட்டையும் காய்ச்சியது.

வேடிக்கைக்கும் குறைவில்லை. அமெரிக்க மலைநாட்டில் காளையின் விதைக்குச் செல்லப்பெயர் மலைச் சிப்பி. 2012-ல் டென்வரின் விங்கூப் ஆலை, அதைப் போட்டு ஸ்டவுட் காய்ச்சப்போவதாக முட்டாள்கள் தினத்தன்று ஒரு கேலிப்படம் வெளியிட்டது. கேட்டவர்கள் விடவில்லை. அந்த ஆண்டே நிஜமாகக் காய்ச்சி விற்க வேண்டியதாயிற்று.

அண்டாவில் சிப்பி செய்யும் வேலை

இன்று பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸோடு கொதிக்கவைப்பார்கள். கொதி முடியப்போகும் கடைசி நிமிஷங்களில், தேய்த்துக் கழுவிய சிப்பிகளை வலைப்பையில் கட்டி ஓட்டோடு இறக்குவார்கள். ஓடு வெந்து பிளந்து உள்ளே இருக்கும் கடல்நீர் சாற்றில் கலக்கும். சிலர் சதையை மட்டும் போடுவார்கள், சிலர் சிப்பி நீரை மட்டும் ஊற்றுவார்கள். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடுவார்கள்.

சிப்பி அங்கே சத்தமில்லாமல் நான்கு வேலைகள் பார்க்கிறது. ஓட்டின் சுண்ணாம்பு, அமிலமான சாற்றில் கொஞ்சமாகக் கரைந்து வறுவலின் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. கடல்நீரின் உப்பு, சிறு அளவில், கசப்பைத் தணித்து மால்ட்டின் இனிப்பை முன்னே கொண்டுவருகிறது. பாயசத்தில் ஒரு கல் உப்புப் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சதையிலுள்ள குளுட்டமேட் போன்றவை நாக்கில் நிறைவைக் கூட்டுகின்றன. நான்காவது வேலை கண்ணுக்கே தெரியாது. உணவுகளில் துத்தநாகம் மிக அதிகமாக உள்ளது சிப்பியில்தான். ஈஸ்ட் செழிக்கத் துத்தநாகம் துளியளவு வேண்டும்.

இந்த நான்கில் எதையும் சிப்பியின் ருசி என்று தனியே சுட்டிக்காட்ட முடியாது. சரியாகக் காய்ச்சியவனின் சிப்பி, ஸ்டவுட்டை நல்ல ஸ்டவுட்டாக்கிவிட்டு மறைந்துவிடும்.

நடுவர் மேசையில்

அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்பு அமைப்பான பி.ஜே.சி.பி.யின் மதிப்பெண் தாள் பல நாட்டுப் போட்டிகளில் புழங்குகிறது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. 45-ஐத் தாண்டுவது அபூர்வம். 30-ஐத் தொட்டாலே மிக நல்ல பீர். விசேஷப் பொருள் சேர்ந்த பீர் என்றால், எந்த வகை மேல் எதைச் சேர்த்தோம் என்று காய்ச்சியவர் எழுதித் தர வேண்டும். சிப்பியைப் பொறுத்தவரை அது உயிர் காக்கும் குறிப்பும்கூட. மெல்லுடலிகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. ஒவ்வாமை உள்ள நடுவர் அந்த மேசையில் உட்காரக் கூடாது.

குளிரக் குளிரத் தந்தால் ஸ்டவுட் ஊமையாகிவிடும். 10 டிகிரிக்கு மேல் வரும்வரை காத்திருப்பது நல்லது. கண்ணாடிக் குவளையை விளக்கின் முன் சாய்த்தால் கறுப்பின் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். நுரை நின்று நிதானமாக இறங்க வேண்டும்.

உண்மையான சோதனை மூக்கில். முதலில் வர வேண்டியது வறுத்த பார்லி, காப்பி, கொக்கோ. அவற்றுக்குப் பின்னால், தேடினால் கிடைக்கிற அளவில், ஈரக் கல்லின் வாசமோ கடற்காற்றின் சாயலோ இருக்கலாம். கவுச்சி அடித்தால் தோல்வி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடற்கரை வாசத்துக்கும் சிப்பியின் வாசத்துக்கும் பெரிய பங்களிப்பது டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருள். வெளிர் மால்ட்டிலிருந்தும் அதே பொருள் பிறக்கும். நன்றாகக் கொதிக்கவைத்தால் ஆவியாகிப் போய்விடும், அரைகுறையாகக் கொதித்தால் தங்கிவிடும். வேகவைத்த சோளம், முட்டைக்கோஸ் வாடையாக அது தலைகாட்டினால் பீர் உலகில் குற்றம். ஆக, நடுவர் மூக்கில் பட்டது சிப்பியின் கொடையா, காய்ச்சியவனின் சோம்பலா? இரண்டும் ஒரே மூலக்கூறு. கூட வரும் துணைகளைப் பார்த்துத்தான் தீர்ப்பு. உப்பின் சாயலும் துப்புரவான முடிவும் சேர்ந்து வந்தால் சிப்பி என்று நம்பலாம். காய்கறி வெந்த வாடையும் மந்தமான இனிப்பும் சேர்ந்து வந்தால் கொதி போதவில்லை என்று எழுதலாம்.

வாயில், முதல் மிடறை நடு நாக்கில் நிறுத்த வேண்டும். வறுவல் கசப்பு கூர்மையாகக் குத்தாமல் உருண்டு வந்தால் ஓடு தன் வேலையைச் செய்திருக்கிறது. விழுங்கிய பின் எச்சில் ஊறி, உதட்டோரம் மிக லேசாகக் கரித்தால் சிறப்பு. உப்புத் தனியாக நிமிர்ந்து நின்றால் கை தவறிவிட்டது. இரும்பு நக்கியது போன்ற ருசி வந்தால் மறுபடி குழப்பம். சிப்பிக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு, தண்ணீரோ பாத்திரமோ கெட்டிருந்தாலும் அது வரும். ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்து உலோகத்தை உறுதி செய்வது நடுவர்களின் பழைய வழக்கம்.

சிப்பி தெரியவே தெரியாத, ஆனால் அருமையான ஸ்டவுட்டுக்கு எவ்வளவு போடுவது? நடுவர்கள் சண்டை போடும் இடம் இதுதான். அறிவித்த பொருள் தெரிய வேண்டும் என்பார் ஒருவர். தெரிந்தால் கெட்டது என்பார் மற்றவர். என்னைக் கேட்டால், நியாயமான சோதனை போட்டி மேசையில் நடக்க முடியாது, ஆலையில்தான் நடக்கும். ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மட்டும் சிப்பி போட வேண்டும். மூன்று குவளைகளில் இரண்டு ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் ஊற்றி, வேறானது எது என்று கேட்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதைவிட நன்கு அதிகமானோர் கண்டுபிடித்தால்தான் சிப்பிக்கு வேலை இருந்திருக்கிறது. அதன் பெயர் என்னவென்று அவர்கள் சொல்லத் தேவையில்லை. இது நன்றாக இருக்கிறது என்று சிப்பி போட்ட குவளையைக் காட்டினால் போதும்.

மதிப்பெண் தாளுக்கு இன்னொரு குறையும் உண்டு. வாய் கழுவத் தண்ணீரும் வெற்று ரொட்டியும்தான் நடுவருக்குக் கிடைக்கும். சிப்பித் தட்டு வராது. துணைக்கென்றே வாழ்ந்த பானத்தைத் துணையில்லாமல் நிறுத்தி மார்க் போடுகிறோம். டிஸ்ரேலிக்குப் பசி இருந்தது, தட்டில் சிப்பி இருந்தது, அவருக்குக் கின்னஸில் சிப்பி வேண்டியிருக்கவில்லை. 1930-களின் லண்டன்காரருக்கு ஆரோக்கியம் வேண்டியிருந்தது. செசபீக்காரருக்கு அழிந்த படுகை திரும்ப வேண்டியிருந்தது. சிப்பியை அண்டாவில் போட்டவர்கள் எல்லோரும் தங்களிடம் இல்லாமல் போன ஒன்றைத்தான் போட்டார்கள். ஆகவே 20 மதிப்பெண் சுவைக்கட்டத்தில் சிப்பியைத் தேடித் தோற்கும் நடுவர், பீரைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம். அதை ஸ்டவுட்டாக மட்டும் எடைபோட்டு, தகுதிக்கு மார்க் போட்டுவிட்டு, தாளின் கீழே ஒரு வரி எழுதினால் போதும்: அடுத்த முறை சிப்பியோடு பரிமாறவும்.